பதினோரு நொடிப் பச்சை

நான் பொய் சொல்லவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குப் போலீஸ்காரர் வந்து என்ன பார்த்தீர்கள் என்று கேட்டார். "பையன் ஓடினான்" என்றேன். இரண்டே வார்த்தை. அவர் எழுதிக்கொண்டார். நான் என் வேலையைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

அந்த இரண்டு வார்த்தை ஒரு சின்னப் பையனைப் படுத்திய பாட்டைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். அதை ஒரு பெண் பிள்ளை எப்படிப் பிடித்து நிமிர்த்தினாள் என்பதையும் சொல்வேன்.

எனக்குச் செருப்புத் தைக்கிற வேலை. பள்ளிக்கூடத்துக்கு எதிர்ப்பக்கம், சிக்னல் கம்பத்தை ஒட்டிய நடைபாதையில் என் இடம். ஒரு மரப்பெட்டி, பசை டப்பா, ஊசி, நூல், தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய். முப்பது வருஷமாகக் குனிந்த தலை. ஆட்களின் முகம் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வராது. கால் வரும். யார் இடது பக்கம் சாய்த்து நடக்கிறார், யார் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார், எல்லாம் தெரியும்.

பட்டாணியின் காலும் தெரியும். ஐந்தாம் வகுப்பு. வகுப்பிலேயே குட்டி ஆள் என்பதால் அந்தப் பெயர். பையைவிட ஆள் சின்னவன். தூரத்தில் வரும்போது பை தானாக நடந்து வருவதுபோல இருக்கும்.

அன்றைக்குப் பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு, தனியாகச் சாலையைக் கடந்து வந்தான். நடுவில் ஒரு பேருந்து நின்றிருந்தது. அதன் மறைவில் ஒரு தண்ணீர் லாரி வந்தது. பெரிய ஹாரன் சத்தம். நான் தலையைத் தூக்கினேன். இரண்டு சின்னக் கால்கள் ஓடி வந்தன. பிறகு அவை ஓடவில்லை.

வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. லாரிக்காரர் ஓரமாக உட்கார்ந்து அழுதார். அவருக்குப் பச்சை விழுந்திருந்தது, அவர் வந்தார். அவர்மேலும் தப்பு சொல்ல முடியாது. அப்போது யார்மேல்தான் தப்பு? அதற்குத்தான் என் இரண்டு வார்த்தை இருந்ததே.

மறுநாள் பள்ளியில் காலை வணக்கத்தின்போது தலைமையாசிரியர், சாலையில் ஓடினால் இதுதான் கதி என்று ஒலிபெருக்கியில் சொன்னார். என் பெட்டிவரை கேட்டது. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையும் மாட்டினார்கள். அதில் ஒரு பையன் ஓடுகிற படம், அதன்மேல் சிவப்புக் கோடு. படத்தில் இருந்தவன் பையைவிடச் சின்னவன். வரைந்தவர் வேண்டுமென்று செய்தாரோ என்னவோ, பார்த்த பிள்ளைகள் எல்லோருக்கும் அது பட்டாணிதான்.

பட்டாணியின் அம்மா வெளியூரில் வேலையாக இருந்தாள். வீட்டில் அப்பா மட்டும். கேட்டும் கிராதியும் செய்கிற பட்டறையில் வெல்டிங் வேலை. அவர் பையனைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தவர். அதனால்தான் கோபம் அடங்கவில்லை. ஒவ்வொரு நாளும் கட்டுப் போட்ட காலைப் பார்த்து, ஏன்டா ஓடினே, ஏன்டா ஓடினே என்று கேட்டுக்கொண்டே இருந்தாராம். பட்டாணி பதில் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கால் சரியானாலும் பள்ளிக்கு வரமாட்டேன் என்று மட்டும் சுவரைப் பார்த்துச் சொன்னானாம்.

இதை எனக்குச் சொன்னவள் சுருட்டை. வகுப்பில் பட்டாணியின் பக்கத்து இடத்துக்காரி. தலைமுடி சீப்புக்கு அடங்காது, வாய் யாருக்கும் அடங்காது. பட்டாணிக்கு வீட்டுப்பாடம் கொண்டுபோய்க் கொடுப்பது அவள்தான். அவன் நோட்டைத் திறக்கவே இல்லை என்றாள். நான் என்ன செய்ய முடியும்? ஓடினான். பார்த்தேன். சொன்னேன்.

அடுத்த வாரம் வகுப்பில் வேகக் கணக்கு நடந்திருக்கிறது. ஒரு ரயில் இவ்வளவு நேரத்தில் இவ்வளவு தூரம் போனால் அதன் வேகம் என்ன, அந்த மாதிரி. சுருட்டை எழுந்து, "டீச்சர், பட்டாணி எவ்வளவு வேகத்துல போனான்?" என்று கேட்டுவிட்டாள்.

டீச்சர் திட்டப்போகிறார் என்று எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அவரோ கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, எனக்குத் தெரியாது, நம்மில் யாருக்கும் தெரியாது, தெரிந்துகொள்ள என்னென்ன வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாராம். அன்றைக்குப் பாடப்புத்தக ரயில் அந்தப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

இரண்டு நாள் கழித்து மொத்த வகுப்பும் தெருவுக்கு வந்தது.

எனக்கு இதெல்லாம் பிடிக்காது. பள்ளிக்கூடத்துக்காரர்கள் தெருவுக்கு வந்தால் ஒரு மரம் நடுவார்கள், படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். மரம் காய்ந்துவிடும். நானே நாலு மரம் காய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் டீச்சர் வணக்கம் சொன்னபோது, "என் பெட்டியை மறைக்காம நில்லுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர்கள் படம் எடுக்கவில்லை. வாகனங்களுக்குச் சிவப்பு விழுந்தபோது, டீச்சரும் பள்ளிக் காவலாளியும் இரண்டு பக்கமும் கையை விரித்து நிற்க, இரண்டு பிள்ளைகள் நாடாவைப் பிடித்துச் சாலையை அளந்தார்கள். பாதிதான் அளக்க முடிந்தது, விளக்கு மாறிவிட்டது. மறுபடி சிவப்பு விழுந்து மீதியை அளந்தார்கள். பதினாலு மீட்டர். வகுப்பிலேயே உயரமான நெட்டைக்கு டீச்சரின் கைக்கடிகாரம். நடக்கிறவர்களுக்கான பச்சை எரிவதில் இருந்து அணைவது வரை எண்ணினான். பதினோரு நொடி. மறுபடி எண்ணினான், பதினொன்று. இன்னொரு முறையும் எண்ணினான்.

"ஏன்டா, அதான் தெரிஞ்சுபோச்சே" என்றேன்.

"ஒரு தடவைன்னா தப்பா இருக்கலாம் தாத்தா" என்றான் நெட்டை. சாதாரணமாகத்தான் சொன்னான். எனக்கு என்னவோபோல இருந்தது.

பிறகு நாலு நாள், பள்ளி விட்டதில் இருந்து ஒரு மணி நேரம், ஆறு ஆறு பேராக நடைபாதையில் உட்கார்ந்து கடப்பவர்களை எண்ணினார்கள். நடந்து கடந்தவர் ஒரு பக்கம், ஓடிக் கடந்தவர் ஒரு பக்கம். முதல் நாளே சண்டை. ஒரு அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போனார். அது ஓட்டம் என்றான் ஒருவன். வேகநடை என்றாள் ஒருத்தி. நோட்டைப் பிடித்து இழுத்ததில் ஓரம் கிழிந்தது.

சுருட்டை என்னிடம் வந்தாள். "தாத்தா, உங்களுக்குத்தான் கால் தெரியும். எது ஓட்டம்?"

இப்படிக் கேட்டால் யார்தான் சொல்லாமல் இருப்பார்கள்? "நடக்கிறவன் குதிகாலை முதல்ல வைப்பான். எப்பவும் ஒரு கால் தரையில இருக்கும். ஓடுறவனுக்கு ரெண்டு காலும் ஒரு கணம் தரையில இருக்காது. இறங்கும்போது முன்பாதம்தான் இறங்கும். குனிஞ்சு பாரு, தெரியும்."

ஆறு பேரும் நடைபாதையில் கன்னத்தை வைக்காத குறையாகக் குனிந்தார்கள். அன்றைக்கு என்னிடம் வந்த வாடிக்கைக்காரர், எதையாவது தொலைத்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை, கண்டுபிடிக்கிறார்கள் என்றேன். அப்போது கேலியாகத்தான் சொன்னேன்.

மைதானத்தில் வேறொரு வேலை நடந்தது. பட்டாணிக்கு அடுத்த குட்டி ஆள் சுருட்டைதான். பட்டாணி வீட்டுக்குப் போய் அவன் பையையே வாங்கி வந்தாள். விபத்தன்று உள்ளே இருந்த புத்தகங்கள் அப்படியே இருந்தன. பதினாலு மீட்டருக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தப் பையை மாட்டிக்கொண்டு மூன்று முறை நடந்தாள். பதினாறு, பதினாறு, பதினேழு நொடி. பதினோராவது நொடியில் அவள் எங்கே இருந்தாளோ அந்த இடத்தில் நெட்டை ஒரு கல்லை வைத்தான். கல்லில் இருந்து கடைசிக் கோடுவரை நாலு மீட்டருக்கு மேல் இருந்தது. எல்லோரும் அந்தக் கல்லைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள் என்றாள் சுருட்டை.

ஐந்தாம் நாள் அவள் என் பெட்டிக்கு எதிரே வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கூட நெட்டையும் டீச்சரும்.

"தாத்தா, நீங்க தலையைத் தூக்கினப்ப பட்டாணி ரோட்டுல எங்க இருந்தான்?"

"எங்க இருந்தான்னா? ரோட்டுலதான் இருந்தான்."

"நெட்டை அந்தப் பக்கத்துல இருந்து மெதுவா வருவான். நீங்க குனிஞ்சு தைச்சுட்டே இருங்க. நான் ஹாரன் மாதிரி சத்தம் குடுப்பேன். நிமிர்ந்து பாத்து, அவன் அந்த இடத்துக்கு வந்ததும் சொல்லுங்க."

சின்னப் பிள்ளைகளோடு இதென்ன விளையாட்டு என்றேன். டீச்சர், தயவுசெய்து பெரியவரே என்றார். சரி என்று ஊசியை எடுத்தேன். சிவப்பு விழுந்ததும் நெட்டை கிளம்பினான். இவள் பாங்ங் என்று கத்தினாள். நிமிர்ந்தேன். அவன் முதல் பாதியைத் தாண்டினான், நான் சொல்லவில்லை. நடுவைத் தாண்டினான், சொல்லவில்லை. பேருந்து நின்றிருந்த இடத்தையும் தாண்டினான். "அங்க" என்றேன்.

நெட்டை அந்த இடத்தில் காலால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஓடி வந்தான். பிறகு அளந்தார்கள். அங்கிருந்து என் பக்கத்து நடைபாதைக்கு நாலு மீட்டர்கூட இல்லை.

"அதுக்கு முன்னாடி பட்டாணி நடந்தானா, ஓடினானா?" என்று கேட்டாள் சுருட்டை.

"அதுக்கு முன்னாடி எனக்கென்ன தெரியும்? நான் ஊசியில நூல் கோத்துட்டிருந்தேன்."

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

அவள் நோட்டில் எழுதினாள். என்னைப் பார்க்கவில்லை. அந்த வயதுப் பிள்ளை, மாட்டிக்கிட்டீங்களா என்று குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது. தப்பு தன் பக்கம் என்று தெரிகிறபோது வருமே, அந்தக் கோபம்.

"என்ன எழுதினாலும் அவன் ஓடினது ஓடினதுதான்" என்றேன்.

"ஓடினான் தாத்தா. நாங்க இல்லேன்னு சொல்லல." நோட்டை என் பக்கம் திருப்பினாள். "நூத்துப் பன்னெண்டு பேர் கடந்தாங்க. எழுபத்தெட்டு பேர் ஓடினாங்க. எல்லாருமே கடைசியிலதான். இதோ, இது நீங்க."

பெயர் தெரியாததால் ஒரு செருப்பின் படம் வரைந்திருந்தாள். பக்கத்தில் நாலு கட்டம். நாலிலும் ஒரே குறி.

"நானா? நான் எதுக்கு ஓடப் போறேன்? முட்டிவலிக்காரன் நான்."

"தினமும் நாலு மணிக்கு டீ குடிக்கப் போறீங்க தாத்தா. நாலு நாளும் ஓடினீங்க. நீங்க சொன்ன மாதிரியே குனிஞ்சுதான் பாத்தோம்."

பிள்ளைகளை அனுப்பிவிட்டேன். நாலு மணி ஆயிற்று. இன்றைக்கு நடந்து காட்டுகிறேன் பார் என்று எழுந்தேன். பச்சை எரிந்த அதே கணம் காலை எடுத்து வைத்தேன். குதிகால், பாதம், குதிகால், பாதம். சரியாகத்தான் போனேன். நடுவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் பச்சை அணைந்தது. இடது பக்கம் பத்துப் பதினைந்து வண்டிகள் ஒரே நேரத்தில் உறுமின. ஒருவன் ஹாரனை அழுத்தினான்.

என் குதிகால் தரையில் படவில்லை. நான் ஓடச் சொல்லவில்லை, அதுவாக ஓடியது. எதிர்ப்பக்கம் ஏறி நின்றபோது நெஞ்சு அடித்துக்கொண்டது. முப்பது வருஷம் ஊரார் கால்களையெல்லாம் பார்த்தவன், என் காலைப் பார்த்ததில்லை.

டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுத் திரும்பினேன். சுருட்டை பட்டாணி வீட்டுக்கு நோட்டு கொண்டுபோகும் நேரம். அவளைப் பள்ளி வாசலில் நிறுத்தி, "நானும் வர்றேன்" என்றேன்.

ஒரே அறை வீடு. கட்டிலில் பட்டாணி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவன் அப்பா அப்போதுதான் பட்டறையில் இருந்து வந்திருந்தார். கறுப்புக் கண்ணாடி கழுத்தில் தொங்கியது. முகம் முழுக்கக் கரி, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளை. என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் வேறு ஏதாவது பேசி மழுப்பிவிடுவேன் என்று பயம்.

"தம்பி, அன்னிக்கு உங்க பையன் ஓடினான்னு சொன்னது நான்தான். நான் பாத்தது கடைசி நாலு மீட்டர். முதல் பத்து மீட்டரை நான் பாக்கவே இல்லை. பாக்காததைக் கேக்கவும் இல்லை. ஓடினான்னு மட்டும் சொல்லிட்டேன்."

அவர் புரியாமல் நின்றார். சுருட்டை நோட்டைத் திறந்து காட்டினாள். பதினாலு மீட்டர், பதினோரு நொடி, பட்டாணியின் பை, கல் வைத்த இடம். மெதுவாக, ஒவ்வொன்றாக. வெல்டிங் செய்கிறவருக்கு அளவு தெரியும். கரிப்பட்ட விரலை அந்த நாலு மீட்டர் மேல் வைத்தார், எடுக்கவில்லை.

பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "டேய் கண்ணா. பச்சை எரியும்போதுதான் இறங்கினியா?"

சுவர்ப்பக்கம் இருந்து சின்னதாகக் குரல் வந்தது. "ஆமாப்பா. நடந்துதான் போனேன். நடுவுல அணைஞ்சிருச்சு."

"ஏன்டா இதைச் சொல்லல? இத்தனை நாளா கேட்டுட்டே இருக்கேன்."

பட்டாணி சுவரை நகத்தால் சுரண்டினான்.

"தாத்தா பாத்தேன்னு சொன்னாருல்ல. பெரியவங்க பாத்தா சரியாதான் இருக்கும்னு நெனச்சேன். நான்தான் மறந்துட்டேன்போலன்னு…"

அதற்கு மேல் அவனால் முடியவில்லை. அவன் அப்பாவாலும் முடியவில்லை. நான் வாசலுக்கு வந்துவிட்டேன். சுருட்டையும் வந்தாள். செருப்பை மாட்டிக்கொள்வதுபோல இரண்டு பேரும் ரொம்ப நேரம் குனிந்திருந்தோம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் காவல் நிலையம் போனேன். எழுதியதை அழிக்க முடியாது, வேண்டுமானால் இன்னொரு தாள் சேர்க்கலாம் என்றார்கள். சேர்க்கச் சொன்னேன். எனக்கு எழுத வராததால் அவர்களே எழுதி வாசித்துக் காட்டினார்கள். மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைத்தேன். தலைமையாசிரியர் தான் சொன்னது தப்பு என்று நேராகச் சொல்லவில்லை. பெரிய மனிதர்களுக்கு அது தொண்டையில் சிக்கும், எனக்கும் சிக்கியது. ஆனால் பலகையைத் தானே ஏணி போட்டு ஏறிக் கழற்றினார்.

சிக்னல் அலுவலகத்துக்கு வகுப்பே கடிதம் எழுதியது. எனக்கு அதில் நம்பிக்கையே இல்லை. அலுவலகத்தில் கடிதத்தை அடுக்கி வைக்க மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். நினைத்ததில் பாதி சரி. முதல் கடிதத்துக்குப் பதில் வரவில்லை. இரண்டாவதற்கு, நேரத்தைக் கூட்டினால் வண்டிகள் தேங்கும் என்று பதில் வந்தது. சுருட்டை மூன்றாவது கடிதத்தில், எவ்வளவு தேங்கும், எண்ணிப் பார்த்தீர்களா, இல்லையென்றால் நாங்கள் எண்ணித் தருகிறோம் என்று கேட்டாள். உடனே டீச்சர், கொஞ்சம் மரியாதையாக எழுதலாமே என்றாராம். அவள் "அன்புள்ள ஐயா" என்று மேலே சேர்த்தாள், கேள்வியை மாற்றவில்லை. பிள்ளைகளே வண்டிகளையும் மூன்று நாள் எண்ணி அனுப்பினார்கள். நாற்பது நாள் கழித்து ஒரு வண்டியில் இரண்டு பேர் வந்து, கம்பத்துப் பெட்டியைத் திறந்து ஏதோ செய்துவிட்டுப் போனார்கள். பச்சை இருபத்திரண்டு நொடி ஆயிற்று.

பட்டாணி பள்ளிக்கு வந்த முதல் நாள் அக்குளில் ஊன்றுகோல். வீடு இந்தப் பக்கம், பள்ளி அந்தப் பக்கம். அவன் அப்பா தூக்கிக்கொள்கிறேன் என்று குனிந்தார். பட்டாணி வேண்டாம் என்றான். வகுப்பு முழுவதும் எதிர்ப்பக்கம் வரிசையாக நின்றது. நெட்டை கையில் கடிகாரம். நான் பெட்டியை மூடிவிட்டு எழுந்து நின்றேன்.

பச்சை எரிந்தது. இறங்கினான். ஒரு கோல், ஒரு கால். அவன் அப்பா ஒரு அடி பின்னால், கையை நீட்டியபடி, தொடாமல். அன்றைக்குப் பேருந்து நின்றிருந்த இடத்தைத் தாண்டும்போது பட்டாணி நின்றுவிட்டான். பச்சையை நிமிர்ந்து பார்த்தான். அது எரிந்துகொண்டிருந்தது. மறுபடி நடந்தான். ஏறினான்.

யாரும் கைதட்டவில்லை. நெட்டை மட்டும் கடிகாரத்தைப் பார்த்து, "இன்னும் மூணு நொடி மிச்சம் இருக்கு" என்றான்.

பட்டாணி திரும்பி, இன்னும் எரிகிற விளக்கைப் பார்த்தான். "அப்பா, அந்த மூணு நொடியை என்ன பண்றது?"

அவன் அப்பா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"வச்சுக்கோடா" என்றார். "உன்னோடதுதான்."